14ஆம் வரிசை

எக்செல் கோப்பில் ஒரு வரிசையை மறைப்பது சின்ன வேலை. வரிசை எண்ணின்மேல் வலது கிளிக், பிறகு ஒரு அழுத்து. 2021 ஓகஸ்ட்டில் ஒரு செவ்வாய்க்கிழமை, பணிப்பாளர் கூட்டம் தொடங்க இருபது நிமிடம் இருக்கும்போது நான் அதைச் செய்தேன். அது 14ஆம் வரிசை. ‘டொலர் 250 ரூபாவானால்’ என்று நானே தலைப்புப் போட்டு, இரண்டு இரவு உட்கார்ந்து கணக்குப் பார்த்த வரிசை. மறைக்கச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. முதலாளி அந்தக் கோப்பை அதுவரை பார்த்தது கூட இல்லை.

இலங்கையில் 2019 முதல் 2022 வரை நடந்ததைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். பெற்றோல் வரிசை, காஸ் வரிசை, காலிமுகத்திடல் போராட்டம் எல்லாம் வந்துவிட்டது. நான் சொல்ல வந்தது வேறு. அந்த மூன்று வருடங்களும் நான் இரண்டு பலமான மனிதர்களுக்குக் கீழே இருந்தேன். ஒருவர் நாட்டின் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச. மற்றவர் எனக்குச் சம்பளம் தந்தவர். முதலாமவருக்கு நான் வாக்களிக்கவில்லை. மட்டக்களப்பில் எங்கள் ஆட்கள் பெரும்பாலும் அவரை எதிர்த்து நின்ற சஜித் பிரேமதாசவுக்குத்தான் போட்டார்கள். இரண்டாமவரை எனக்கு மிகவும் பிடிக்கும். இன்றும் பிடிக்கும். அதுதான் சிக்கல்.

நான் 2009இல் கணக்காளராகச் சேர்ந்த கம்பனி விவசாய மருந்தும் விதையும் இறக்குமதி செய்து நாடு முழுக்க விற்றது. அலுவலகம் மருதானைப் பக்கம், களஞ்சியம் வத்தளையில், அறுபது பேர் வேலை. முதலாளி ஒரு சிங்களவர். எங்களுக்கு அவர் ‘சேர்’. அவருக்கு நான் ‘மல்லி’, அதாவது தம்பி.

2011 ஜனவரியில் கிழக்கு மாகாணம் வெள்ளத்தில் மூழ்கியது. பெரும்போக நெல் அறுவடைக்குச் சில கிழமைகள்தான் இருந்தன. எங்களிடம் கடனுக்கு மருந்து எடுத்த கடைக்காரர்கள், அவர்களிடம் கடனுக்கு எடுத்த கமக்காரர்கள் எல்லோரும் ஒரே நாளில் ஒன்றுமில்லாமல் போனார்கள். மற்றக் கம்பனிகள் நிலுவைக் கடிதம் அனுப்பத் தொடங்கின. எங்கள் பணிப்பாளர் சபையும் அதைத்தான் சொன்னது. கணக்கில் பார்த்தால் அது சரியும்கூட. சேர் ஒன்றும் பேசாமல் எழுந்து போனார். அடுத்த நாள் காலை என்னையும் ஏற்றிக்கொண்டு ஜீப்பில் புறப்பட்டார். ஜீப் போகாத இடத்தில் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறினோம். வாழைச்சேனைப் பக்கம் ஒரு கடை. உள்ளே முழங்காலளவு தண்ணீர். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கவிழ்த்து வைத்த வாளியில் உட்கார்ந்தார். கடைக்காரர் அழுதார். சேர் தன்னுடைய உடைந்த தமிழில், “பயம் வேணாம். காசு நிக்கட்டும். அடுத்த போகம் விதை நான் தாறன்” என்றார்.

அப்படி எட்டுக் கடைகள். எந்தக் கடையிலும் அவர் கொப்பியைத் திறக்கவில்லை.

இரண்டு வருடத்தில் கிழக்கில் எங்கள் விற்பனை மூன்று மடங்கானது. கடன் கிட்டத்தட்ட முழுவதும் திரும்பி வந்தது. கடைக்காரர்கள் அவர் படத்தைச் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியதை நானே பார்த்திருக்கிறேன். அலுவலகத்திலும் ஒரு வாக்கியம் பிறந்தது: “வெள்ளத்தில சேர் செய்ததை நினைச்சுப் பாருங்கோ.” அதற்குப் பிறகு யார் எந்த ஆட்சேபணை சொன்னாலும் அந்த வாக்கியம் வந்து நின்றது. எல்லோரும் பிழை என்று சொன்ன இடத்தில் அவர் ஒருமுறை சரியாக இருந்துவிட்டார். அதனால், எல்லோரும் பிழை என்று சொல்வதே அவர் சரி என்பதற்கு அத்தாட்சி ஆகிவிட்டது.

இதில் எனக்கு என்ன கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். லேசாக இருந்தது. அதைவிட நல்ல சொல் எனக்குத் தெரியவில்லை. முடிவெடுப்பது பாரமான வேலை. பிழைத்தால் யார் பதில் சொல்வது என்ற பயம் இரவில் தூங்க விடாது. அவர் அறைக்குள் அந்தப் பயத்தோடு போவேன். “நான் பார்த்துக்கொள்ளுறன் மல்லி” என்பார். வெளியே வரும்போது தோளில் ஒன்றும் இருக்காது. இப்படிப்பட்டவர்களின் பின்னால் போகிறவர்களை முட்டாள்கள் என்று எழுதுகிறவர்களுக்கு இந்த லேசு தெரியாது என்று நினைக்கிறேன்.

நாட்டிலும் இதுதான் நடந்தது. 2018 ஒக்டோபரில் அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன ஒரு பிரதமரை நீக்கி இன்னொருவரை நியமித்தார். நீக்கப்பட்டவர் போக மறுத்தார். ஐம்பது நாளுக்கு மேல் நாட்டில் உண்மையான பிரதமர் யாரென்று தெரியாத நிலை. அடுத்த வருடம் ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டு வெடித்து 260 பேருக்கு மேல் இறந்தார்கள். எங்கள் மட்டக்களப்பு சியோன் தேவாலயத்தில் பிள்ளைகளும் இறந்தார்கள். முன்கூட்டியே எச்சரிக்கை வந்தும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டார்கள் என்று பிறகு தெரிய வந்தது. அப்படி ஒரு நாட்டில், போர் முடிந்தபோது பாதுகாப்புச் செயலாளராக இருந்தவர், பிறகு கொழும்பைத் துப்புரவாக்கி நடைபாதை போட்டவர், ‘செய்து முடிக்கிற ஆள்’ என்று பெயர் வாங்கியவர் வந்து நின்றால் மக்கள் என்ன செய்வார்கள்? 2019 நவம்பர் 16 தேர்தலில் கோட்டாபய ராஜபக்ச 52 வீதத்துக்கு மேல் எடுத்தார்.

எங்களுக்கு அந்தப் பெயர் வேறு ஞாபகங்களைக் கொண்டுவருவது. அதை இங்கே விரிக்க வேண்டியதில்லை. ஆனாலும் அவர் வென்ற இரவு எனக்குள் ஒரு சின்ன ஆறுதல் வந்தது: சரி, இனி யாராவது ஒருவர் முடிவெடுப்பார். வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். ஒரு தலைமையைக் கேள்வி கேட்காமல் நம்பிய காலம் நம் பக்கத்திலும் இருந்தது. அந்தக் காலத்தில் வளர்ந்த எனக்கு இந்த ஆறுதலின் மணம் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்த நாள் அலுவலகத்தில் பாற்சோறு. அந்த மாதங்களில் ஊர் ஊராக இளைஞர்கள் தாங்களாகவே தூரிகை எடுத்து மதில்களில் படம் வரைந்தார்கள். எங்கள் களஞ்சியப் பையன்களும் வத்தளையில் ஒரு மதிலில் வரைந்தார்கள். நல்ல படம், உழவன் ஒருவன், பின்னால் குளம். டிசம்பரில் வற் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாக இறங்கியது. 2020 ஜனவரியிலிருந்து சம்பளத்தில் வெட்டிய பேயி வரியும் இல்லை. எல்லோர் கையிலும் கொஞ்சம் கூடுதல் காசு. கணக்காளர் என்ற முறையில், அரசாங்கம் இந்த ஓட்டையை எதைக் கொண்டு அடைக்கப் போகிறது என்று ஒரு நிமிடம் யோசித்தேன். என் சம்பளச் சிட்டையையும் பார்த்தேன். யோசிப்பதை நிறுத்தினேன்.

2020 செப்டம்பரில் ஜனாதிபதி பதுளை மாவட்டத்தில் அல்துமுல்லைப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனார். தான் வாயால் சொல்வதையே சுற்றறிக்கையாக எடுத்து அதிகாரிகள் வேலை செய்ய வேண்டும் என்றார். கூட்டத்தில் கைதட்டல். எங்கள் அலுவலகத்திலும் அதைப் பற்றிப் பெருமையாகக் கதைத்தார்கள். அடுத்த கிழமை சேர் சிரித்துக்கொண்டே, “இனி இங்கேயும் அப்படித்தான்” என்றார். பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு கொள்வனவுப் பத்திரங்களில் அவர் கையெழுத்துக் குறையத் தொடங்கியது. “சேர் சொன்னார்” என்று எழுதி நாங்கள் கையெழுத்துப் போட்டோம். அரசாங்க அலுவலகங்களிலும் யாரோ அப்படித்தான் எழுதியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். வாய்மொழிக் கட்டளையில் இருக்கிற வசதி மேலே இருப்பவருக்குத்தான். சரி வந்தால் அது அவர் தூரநோக்கு. பிழை வந்தால் கீழே இருப்பவன் விளங்கிக்கொண்டது பிழை.

அடுத்தது 2021. இரசாயன உரத்தையும் விவசாய மருந்தையும் இறக்குமதி செய்யத் தடை என்று ஏப்ரல் கடைசியில் அமைச்சரவை முடிவெடுத்தது. மே மாதம் வர்த்தமானி வந்தது. தேர்தல் விஞ்ஞாபனத்தில் இரசாயனமில்லாத சேதன விவசாயத்துக்குப் பத்து வருடத்தில் மாறுவோம் என்று இருந்தது. பத்து வருடம் பத்து நாளாகிவிட்டது.

எங்கள் கம்பனிக்கு அது தலையில் இடி. ஆனால் சேர் அன்று கூட்டம் கூட்டி, கண்கள் மின்னச் சொன்னார்: “எல்லாரும் அழுவாங்கள். நாங்கள் முதல்ல சேதனப் பசளை ஆலை போடுவம். வெள்ளம் ஞாபகம் இருக்கா?” அறுபது பேரும் கைதட்டினோம். நானும் தட்டினேன்.

தட்டாதவர் ஒருவர். எங்கள் விவசாய ஆலோசகர், பேராதனையில் படித்தவர், பன்னிரண்டு வருடம் கம்பனியில் இருந்தவர். அவர் மெதுவாக எழுந்து ஒரு கணக்குச் சொன்னார். யூரியாவில் 46 வீதம் நைதரசன். நல்ல கூட்டெருவில் ஒன்றோ ஒன்றரையோ. ஏக்கருக்கு நூறு கிலோ யூரியா போடுகிற வயலுக்கு அதே அளவு நைதரசன் வேண்டுமென்றால் மூன்று நான்கு தொன் கூட்டெரு வேண்டும். நாடு முழுக்க இத்தனை தொன்னை யார் செய்வது, எந்த லொறியில் ஏற்றுவது? கூட்டெரு கெட்டது என்று அவர் சொல்லவில்லை. ஒரு போகத்தில் முடியாது என்றார். சேர் சிரித்தபடி, “உங்களுக்குப் புத்தகம் தெரியும், எனக்கு மனிசரைத் தெரியும்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ஆலோசகரை வெட்டிய மாதிரி வேறு எதுவும் வெட்டியிருக்காது. இரண்டு மாதத்தில் விலகினார். பிரியாவிடை விருந்து வைக்கவில்லை. “நெருக்கடியில விட்டுட்டு ஓடினவர்” என்று பெயர் மட்டும் மிஞ்சியது.

வெளியேயும் அதே மாதிரிதான். தடையை விமர்சித்த பேராதனைப் பல்கலைக்கழக விவசாயப் பேராசிரியர் ஒருவரை அமைச்சு தன் குழுக்களிலிருந்து நீக்கியது. டிசம்பரில் விவசாய அமைச்சின் செயலாளர் உணவுத் தட்டுப்பாடு வரலாம் என்ற தொனியில் பேசியதும் உடனேயே பதவி போனது. இத்தனைக்கும் நவம்பரிலேயே தடையைத் தளர்த்திவிட்டிருந்தார்கள். பிழை என்று ஒத்துக்கொண்ட பிறகும் பிழை என்று சொன்னவருக்குத் தண்டனை.

இப்போது 14ஆம் வரிசைக்கு வருகிறேன். தடைக்கு முன் நாங்கள் இறக்கிய சரக்குக்கு, 180 நாள் தவணையில், 9 இலட்சம் டொலர் கட்ட வேண்டியிருந்தது. தடை வந்ததும் எங்கள் களஞ்சியத்தில் இருந்ததெல்லாம் தங்கமானது. ஜூலைக்குள் நல்ல விலைக்கு விற்றுத் தீர்ந்தது. கையில் ரூபாய் இருந்தது. வங்கி முகாமையாளர் தொலைபேசியில், “கொஞ்சம் கொஞ்சமாக டொலர் தரலாம், இப்போதே கட்டி முடித்துவிடுங்கள், பிறகு எனக்கே கிடைக்குமோ தெரியாது” என்றார். வங்கி விலையில் டொலர் 200 ரூபா. வங்கிக்கு வெளியே காசு மாற்றும் உண்டியல்காரரிடம் அதற்கு மேலே. அந்த இடைவெளி கிழமைக்குக் கிழமை கூடிக்கொண்டிருந்தது. 200இல் எங்கள் கடன் 18 கோடி. 250 ஆனால் 22 கோடி 50 இலட்சம். அப்படி நடந்தாலும் கம்பனி தாங்கும், ஆனால் 14 கோடி போட்டுப் பசளை ஆலை கட்ட முடியாது. 14ஆம் வரிசை சொன்னது அவ்வளவுதான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை சேர் நடைகூடத்தில் என்னைக் கண்டார். தோளில் கைபோட்டார். “மல்லி, இன்றைக்கு நல்ல செய்தி சொல்லு” என்றார். அவ்வளவுதான். என் மேசைக்கு வந்தேன். வரிசையை மறைத்தேன். 13க்கு அடுத்ததாக 15 வந்தது. கூட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை. ரூபாய் ஆலைக்குப் போனது.

செப்டம்பர் முதல் வங்கிகளில் டொலர் இல்லை. வெளிநாட்டு விநியோகஸ்தர்கள் வட்டியோடு தவணை தந்தார்கள். மத்திய வங்கி நாணயத்தை 200க்கும் 203க்கும் இடையில் பிடித்து வைத்திருந்தது. “அவர் ஏற விடமாட்டார்” என்றார் சேர், ஜனாதிபதியை நினைத்து. நானும் நம்பினேன். நம்பினேனா, நம்ப விரும்பினேனா என்று பிரித்துச் சொல்ல இப்போது முடியவில்லை. 2022 மார்ச் 7ஆம் திகதி பிடியை விட்டார்கள். மே மாதம் டொலர் 360ஐத் தாண்டியது. 18 கோடி, 32 கோடியைத் தாண்டிவிட்டது. ஆலையில் மலைபோலக் குவிந்த கூட்டெருவை வாங்க ஆளில்லை. எல்லோரும் யூரியாவைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஊரில் 50 கிலோ மூட்டை 40,000 ரூபாவுக்குக் கள்ளமாகப் போனது. படுவான்கரையில் என் மைத்துனரின் வயல் ஏக்கருக்கு 22 மூட்டை நெல் தருவது. அந்தப் பெரும்போகத்தில் பத்து மூட்டை.

அவரோடு தொலைபேசியில் கதைத்தபோது, “மச்சான், உங்கட முதலாளி வெள்ளத்தில வந்த மாதிரி இப்பவும் வருவாரா?” என்று கேட்டார். கேலி இல்லை. உண்மையாகவே கேட்டார்.

இந்தியாவில் கணக்கு மோசடியில் விழுந்த சத்தியம் கம்பனியின் கதையை அந்த நாட்களில் மறுபடி வாசித்தேன். நான் கணக்காளர் வேலைக்கு வந்த வருடம் நடந்தது அது. 2009 ஜனவரி 7ஆம் திகதி அதன் தலைவர் ராமலிங்க ராஜு மோசடியை ஒத்துக்கொண்டு எழுதிய கடிதத்தில், புலிமேல் ஏறிவிட்டேன், அதற்கு இரையாகாமல் எப்படி இறங்குவது என்று தெரியவில்லை என்ற மாதிரி ஒரு வரி இருக்கும். எல்லோருக்கும் அந்த வரி ஞாபகம். எனக்கு அதற்கு மூன்று கிழமைக்கு முன் நடந்ததுதான் பெரிதாகப் பட்டது. அவர் குடும்பத்துக்கு நெருக்கமான இரண்டு கம்பனிகளைச் சத்தியம் பணத்தில் வாங்கும் யோசனை பணிப்பாளர் சபைக்கு வந்தது. ஹாவர்ட் பேராசிரியர் உட்படப் பெரிய பெரிய ஆட்கள் இருந்த சபை. சம்மதித்தார்கள். சில மணி நேரத்தில் வெளியே இருந்த பங்குதாரர்கள் கத்தினார்கள். யோசனை கைவிடப்பட்டது. உள்ளே அவ்வளவு படிப்பும் செய்யாததை வெளியே இருந்த கோபம் செய்தது. எங்களுக்கு வெளியே யாரும் இருக்கவில்லை. பணிப்பாளர் சபையில் சேர், அவர் மனைவி, தம்பி, அப்புறம் அவரோடு பள்ளிக்கூடத்தில் படித்த ஒருவர்.

சேரின் அறையில் லீ குவான் யூவின் படம் ஒன்று இருந்தது. கொழும்பில் கொஞ்சம் வசதியானவர்களோடு அரை மணி நேரம் கதைத்தால் சிங்கப்பூர் வந்தே தீரும். ‘எங்களுக்கும் அப்படி ஒருவர் வேண்டும்.’ நானும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன். பிறகு கொஞ்சம் வாசித்தபோது, அந்தப் படத்தின் ஓரத்தில் நின்றவர்களை நாங்கள் வெட்டிவிட்டோம் என்று பட்டது. நிதியமைச்சராகத் தொடங்கி அந்த நாட்டின் பொருளாதாரத்தைக் கட்டியவர் கோ கெங் சுவீ. நெதர்லாந்துப் பொருளியலாளர் அல்பர்ட் வின்சேமியஸ் 1960களின் தொடக்கத்திலிருந்து 1984 வரை ஆலோசகராக இருந்தார். வெளிநாட்டு அமைச்சராக இருந்த இராஜரத்தினம் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். இருபது வருடத்துக்கு மேல் ஒரு ஆலோசகரை வைத்திருப்பது என்றால், அவர் சொல்வதைக் கேட்டார்கள் என்று அர்த்தம். எங்கள் ஆலோசகர் ஒரு கணக்குச் சொல்லி இரண்டு மாதத்தில் வெளியே. லீயின் ஆட்சியில் எதிராளிகள் பட்ட பாட்டையும் நான் மறக்கவில்லை. ஆனால் நம்மவர்கள் அங்கிருந்து கடன் வாங்கியது முறைப்பை மட்டும்.

(2022 ஜூலை 13ஆம் திகதி மாலைதீவுக்குப் போன ஜனாதிபதி, அடுத்த நாள் சிங்கப்பூரிலிருந்து மின்னஞ்சலில் பதவி விலகல் கடிதம் அனுப்பினார். சேர் அந்தச் செய்தியை என்னோடுதான் பார்த்தார். படத்தைக் கழற்றவில்லை. தொலைக்காட்சியை அணைத்தார்.)

வேலை இழந்த பிறகு யோசிக்க நேரம் கிடைத்தது. வெள்ளத்தையும் டொலரையும் ஏன் ஒரே கண்ணால் பார்த்தோம் என்பதுதான் என்னை அதிகம் குடைந்தது. வெள்ளத்தில் சேர் எட்டுக் கடைக்காரர்களின் முகத்தைப் பார்த்து முடிவெடுத்தார். அவர்களைப் பத்து வருடமாகத் தெரியும். மனிதரை எடை போடுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. டொலருக்கு முகம் இல்லை. அதேபோலத்தான் ஜனாதிபதியும். படையையும் நகரத் துப்புரவையும் கட்டளையால் நடத்தலாம். மண்ணுக்குக் கட்டளை விளங்காது. இப்போது யாராவது ஒருவரைப் பற்றி ‘அவர் அன்றைக்கு என்ன செய்தார் தெரியுமா’ என்று சொன்னால், அன்றைய பிரச்சினையும் இன்றைய பிரச்சினையும் ஒரே இனமா என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பாதி மயக்கம் அங்கேயே தெளிந்துவிடுகிறது. மீதிப் பாதிக்கு என்னிடம் மருந்தில்லை.

இன்னும் சில சில்லறைப் பழக்கங்கள் வந்திருக்கின்றன. வாயால் ஒரு கட்டளை வந்தால், அன்று மாலையே ‘இன்று காலை நீங்கள் சொன்னபடி இதைச் செய்கிறேன், பிழை இருந்தால் திருத்துங்கள்’ என்று இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்புகிறேன். பழைய கம்பனியில் கடைசி ஆறு மாதம்தான் அதைச் செய்தேன். வங்கி ஆட்கள் வந்து கேள்வி கேட்டபோது என்னைக் காப்பாற்றியது அந்த ஆறு மாத மின்னஞ்சல்கள். அதற்கு முன் நடந்ததற்கெல்லாம் என் கையெழுத்து மட்டும்தான் இருந்தது.

விலகிப் போகிறவர்களிடம் ஒரு தேநீர் குடிக்கிறேன். போகிறவர்தான் உண்மை சொல்வார் என்றில்லை, கோபமும் இருக்கும். ஆனாலும் எங்கள் ஆலோசகருக்கு நான் ஒரு தொலைபேசி அழைப்புக் கூட எடுக்கவில்லை. எடுத்திருந்தால், கம்பனியின் பெரிய கடைக்காரர் இருவர் கூட்டெரு வேண்டாம் என்று ஏற்கனவே சொல்லிவிட்டதை ஜூனிலேயே அறிந்திருப்பேன்.

காசு விஷயத்தைச் சொல்லவே கூச்சம். ஊழியர்கள் கம்பனியில் வைப்புப் போடலாம், வங்கியைவிடக் கூட வட்டி என்று சேர் ஒரு திட்டம் வைத்திருந்தார். நான் 6 இலட்சம் போட்டேன். சம்பளமும் அங்கே, சேமிப்பும் அங்கே, பாசமும் அங்கே. கப்பல் ஒன்றுதான். 2 இலட்சம் திரும்பி வந்தது. அதைவிட மோசம், ஓய்வுக்காலத்துக்கான ஊழியர் சேமலாப நிதிக்குக் கட்ட வேண்டிய பணம் ஐந்து மாதம் கட்டப்படவில்லை. எங்கள் சம்பளத்தில் 8 வீதத்தை வெட்டினோம். கம்பனி போட வேண்டிய 12 வீதத்தோடு சேர்த்து அதுவும் ஆலையின் சிமெந்துக்குப் போனது. எனக்குத் தெரியும். கணக்காளருக்குத் தெரியாமல் எப்படி? “ரெண்டு மாதம் பொறு மல்லி” என்றார். களஞ்சியத்தில் மதிலுக்குப் படம் வரைந்த பையன்களுக்கு இது தெரியாது. யார் எங்கே வேலை செய்தாலும் சரி, முதலாளி எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி, உங்கள் சேமலாப நிதிக் கணக்கில் பணம் விழுகிறதா என்று வருடத்துக்கு இரண்டு தரமாவது பாருங்கள். என்னைப் போல ஒருவன் கணக்காளராக இருக்கக்கூடும்.

கெட்ட செய்தியைச் சொல்லும் விதத்தையும் மாற்றிக்கொண்டேன். ஆலோசகர் செய்தது வீரம்தான், ஆனால் அறுபது பேருக்கு முன்னால். அங்கே ஒத்துக்கொண்டால் சேர் தோற்றதாகிவிடும். இப்படிப்பட்டவர்கள் கூட்டத்தில் தோற்கமாட்டார்கள். இப்போது நான் வேலை செய்யும் சின்ன இடத்திலும் முதலாளி கொஞ்சம் அந்த வார்ப்புத்தான். அவரிடம் கூட்டத்துக்கு முதல் நாள் தனியாகப் போகிறேன். ‘இது சரிவராது’ என்று தொடங்குவதில்லை. ‘இது பிழைத்தால் முதலில் எதை விற்போம் சேர்?’ என்று கேட்கிறேன். அந்தக் கேள்விக்கு அவர் பதில் சொல்லத் தொடங்கினால், பிழைக்கலாம் என்பதை அவர் வாயாலேயே சொல்லிவிடுகிறார். மூன்று தரத்தில் இரண்டு தரம் வேலை செய்கிறது. மூன்றாவது தரத்துக்காக, நான் எந்தக் கட்டத்தில் கையெழுத்துப் போடமாட்டேன் என்பதை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி வீட்டில் வைத்திருக்கிறேன். அலுவலகத்தில் வைத்தால் அந்த மனிதரின் சிரிப்பைப் பார்த்ததும் எல்லை தள்ளிப்போய்விடும்.

2023இல் ஒருநாள் பழைய சேரைப் பார்க்கப் போனேன். வத்தளைக் களஞ்சியம் கைமாறிவிட்டது, அலுவலகமும் இல்லை. வீட்டு முற்றத்தில் சாரத்தோடு இருந்தார். மெலிந்திருந்தார். என்னைக் கண்டதும் அதே முகம், அதே “மல்லி!” உள்ளே பார்த்துத் தேநீருக்குச் சொன்னார். கிழக்கில் யார் யார் எப்படி இருக்கிறார்கள் என்று கடைக்காரர்களைப் பெயர் சொல்லிக் கேட்டார். ஒருவரின் மகளுக்குக் கலியாணம் என்றதும் முகம் மலர்ந்தது.

கொஞ்சம் கழித்து, “ஏன் மல்லி, டொலரைப் பற்றி நீயாவது எனக்குச் சொல்லியிருக்கலாமே?” என்று கேட்டார்.

ஒரு வருடமாக இந்தக் கேள்விக்குப் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். நீங்கள் கேட்கிற ஆளா சேர், சொன்னவரை என்ன செய்தீர்கள் என்று. ஆனால் வாயில் வந்தது வேறு. 14ஆம் வரிசையைப் பற்றிச் சொன்னேன். எந்த நாள், எத்தனை மணி, எதை எழுதியிருந்தேன், எப்படி மறைத்தேன், எல்லாம்.

அவர் தேநீர்க் கோப்பையைப் பார்த்தபடி இருந்தார். பிறகு என் தோளில் கை வைத்தார்.

“அதைக் காட்டியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன். நீ அதை நினைச்சுக் கவலைப்படாதே.”

அது உண்மையா, என்னை ஆறுதல்படுத்தச் சொன்னதா என்று தெரியவில்லை. எழுந்து கும்பிட்டுவிட்டு வந்தேன். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. களனிப் பாலம் வரும்போது கவனித்தேன், உடம்பு லேசாக இருந்தது. பழைய லேசு. இறங்க வேண்டிய இடம் வரும்வரை அதை நினைத்துப் பயந்துகொண்டே வந்தேன்.